பையில் இரண்டு எடைக்கற்கள்



ஒரே பையில் பெரியதும் சிறியதுமான இரண்டு எடைக்கற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது இணைச்சட்ட நூல் (25:13). வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்பது அன்றைய சந்தையின் ஏமாற்று.

நம் மனத்திலும் அந்த இரண்டு கற்கள் உண்டு. நமக்குச் சம்பளம் இரண்டு நாள் தாமதமானால் கொதிக்கிறோம். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவிடமோ, “பத்தாம் தேதிக்கு மேல் வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறோம்.

உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவரையும் கொல்வித்திருந்தார் தாவீது. ஆயினும், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை இறைவாக்கினர் நாத்தான் சொன்னதும் கடுஞ்சினம் கொண்டார். நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்றார் (2 சாமு 12). அந்த மனிதர் தாமே என்று நாத்தான் சொல்லும்வரை அவருக்கு உறைக்கவில்லை. பிறர் குற்றத்தில் நீதி நமக்கு நன்றாகவே தெரிகிறது.

அதனால்தான் இறைவன் நம் நல்ல மனத்தை நம்பி விட்டுவிடாமல், கெடுவையே குறித்தார்: கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுக்கவேண்டும், கூலியாள் ஏழை, அதையே நம்பியிருக்கிறார் (இச 24:15). 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ, ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், உரிய கூலியை மறுப்பதைப் பெருங்குற்றம் எனக் கண்டித்தார்.

பிறர் நமக்குச் செய்யவேண்டும் என விரும்புவதையே நாமும் அவர்களுக்குச் செய்ய இயேசு அழைக்கிறார் (மத் 7:12). இம்மாதம் சம்பளம் கைக்கு வந்த அன்றே, அந்த அக்காவுக்கு உரியதை முதலில் எண்ணிக் கொடுப்போம். ஆமென்.