மதுபோதையில் வாகனம் ஓட்டுதலும் நமது பொறுப்பும்

 

அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியை நீங்கள் அறிவீர்கள். ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளத்தாக்கு, இடையே வளைவுகளும் மூடுபனியும். பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மாரும் வீதியோரமாகவே நடக்கின்றனர். இத்தகைய வீதியில் மது அருந்தியவர் வாகனம் ஓட்டுவது பிறர் உயிரை வைத்துச் சூதாடுவதாகும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒன்றாகவே விலக்கியிருப்பதைச் சிந்தியுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மதுபோதையில் வாகனம் செலுத்துவதைக் குற்றமாக்குகின்றது. ஆயினும் பொலிஸார் வழக்குத் தொடர்வதோடு காரியம் முடிவதில்லை. அவ்வழக்கு எத்தனை தடவை ஒத்திவைக்கப்பட்டது, முடிவு யாது, சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டதா என்பதை யார் கவனிக்கின்றார்கள்?

ஐக்கிய அமெரிக்காவில் சாதாரண மக்கள் இவ்வினாவை எழுப்பினார்கள். 1978இல் நியூயோர்க் மாநிலத்தில் டொரிஸ் எய்க்கன் என்பவர் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1980இல் கலிபோர்னியாவில் கெண்டி லைட்னர் என்ற தாயின் 13 வயது மகள், போதையில் இருந்த சாரதி ஒருவரின் வாகனம் மோதி உயிரிழந்தாள். அச்சாரதி முன்னரும் இதே குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர். அத்தாய் நிறுவிய அமைப்பின் தொண்டர்கள் நீதிமன்றங்களில் அமைதியாக அமர்ந்து, ஒவ்வொரு வழக்கின் போக்கையும் குறித்துக்கொண்டார்கள். பார்வையாளர் இருந்த வழக்குகளில் குற்றத்தீர்ப்புகள் கூடுதலாகவும் தண்டனைகள் கடுமையாகவும் இருந்தன என்பதை, மெய்ன் மாநிலம் பற்றி 1992இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

இது நமது நாட்டிலும் இயலக்கூடியதே. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையின் பொதுவிதி. ஹற்றன், நுவரெலியா நீதவான் நீதிமன்றங்களும் அதற்கு உட்பட்டவையே.

"இது பிறர் குறை தேடுவதாகாதா?" எனச் சிலர் கேட்கலாம். அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கின்றது. ஆகவே வீட்டின் இரகசியத்தைத் தேடக்கூடாது. திறந்த மன்றில் நடப்பதை மட்டுமே குறிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் யாவரும் குற்றவாளியல்லர். அவர் பெயரைத் தேநீர்க்கடையில் பரப்புவது பாவம். மன்றில் பேசுவதோ, நீதவானை நெருக்குவதோ நம் வேலையன்று. திகதி, ஒத்திவைப்பு, தீர்ப்பு ஆகிய மூன்றுமே போதும்.

அதைவிடக் கடினமான சோதனை ஒன்றுண்டு. பிடிபட்டவர் நம் மகனாகவோ நம் கடை வாகனத்தின் சாரதியாகவோ இருந்தால், "பேசி முடித்துவிடலாம்" என்று செல்வாக்குள்ளவரை நாடுகின்றோம் அல்லவா? மக்ஸூம் கோத்திரத்துப் பெண்ணுக்காக உஸாமா (ரழி) அவர்கள் பரிந்துரைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைக் கண்டித்தார்கள். உயர்ந்தோரை விட்டு எளியோரை மட்டும் தண்டித்ததே முன்னைய சமூகங்களின் அழிவுக்குக் காரணம் என எச்சரித்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நீதி, முதலாளியின் மகனுக்கு இன்னொரு நீதி என்பதை இஸ்லாம் ஏற்காது.

இளைஞர்களே! மஸ்ஜித் நிர்வாகத்துடன் ஆலோசித்து, சட்டத்தரணி ஒருவரின் வழிகாட்டலுடன், பிற சமயச் சகோதரர்களையும் இணைத்து, மாதம் ஒருநாள் மன்றுக்குச் செல்லுங்கள். பெற்றோர்களே! பரிந்துரைக்காகத் தொலைபேசியை எடுக்குமுன், வீதியோரம் நடக்கும் பிள்ளையை நினையுங்கள்.

எமக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.