சிப்புக்குள்ளும் ஒரு 'பஸ்': டேட்டா எப்படிக் கைமாறுகிறது?

ஆவடி, பூந்தமல்லி ரூட் பஸ் எல்லோருக்கும் தெரியும். ஆனால், கையில் இருக்கும் போனுக்குள்ளும் ஒரு 'பஸ்' இருக்கிறது. அது வண்டி இல்லை. சிப்பின் ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்கு டேட்டாவைக் கொண்டுபோகும் கம்பிகளின் கூட்டம். இதுதான் டேட்டா பஸ்.

இதில் என்ன சிக்கல்?

கம்பியில் எப்போதும் 0 அல்லது 1 இருந்துகொண்டே இருக்கும். அதில் எது உண்மையான டேட்டா, எது வெறும் குப்பை? ஒரு பாக்கெட் எங்கே முடிகிறது? இதைச் சொல்லத்தான் தனி சிக்னல்கள் தேவை. ஆர்ம் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட 'ஏஎக்ஸ்ஐ4-ஸ்ட்ரீம்' விதிமுறை, இதற்குப் பரவலாகப் பயன்படும் ஒன்று.

வேலிட், ரெடி: யார் முதலில்?

அம்பத்தூர் எஸ்டேட் குடோன் ஒன்றில் இரண்டு பேர் பெட்டி கைமாற்றுவதாக வைத்துக்கொள்வோம். "பெட்டி கையில இருக்கு" என்கிறார் கொடுப்பவர். இது 'வேலிட்'. "என் கை காலியா இருக்கு, கொடு" என்கிறார் வாங்குபவர். இது 'ரெடி'. கிளாக் துடிக்கும் நேரத்தில் இரண்டும் 1 ஆக இருந்தால் மட்டுமே டேட்டா கைமாறும்.

லாஸ்ட், கீப் எதற்கு?

32 பிட் பஸ்ஸில் ஒரு தடவைக்கு 4 பைட் போகும். 10 பைட் பாக்கெட் என்றால் 4, 4, 2 என மூன்று தடவை. மூன்றாவது தடவையில் 'லாஸ்ட்' 1 ஆகும்: பாக்கெட் முடிந்தது என்று அர்த்தம். அதே நேரத்தில் 'கீப்' 0011 என்று காட்டும்: நான்கில் இரண்டு பைட்தான் நிஜம். லாஸ்ட் வராமல் போனால், அடுத்த பாக்கெட்டும் இதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆல்டெராவின் 'அவலான் ஸ்ட்ரீமிங்' முறையில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி சிக்னல்கள் உண்டு. காலியாக இருக்கும் இடங்களை 'எம்ப்டி' என்ற சிக்னல் எண்ணிச் சொல்லும்.

எங்கே மாட்டிக்கொள்ளும்?

"நீ ரெடி சொன்னாதான் நான் வேலிட் சொல்வேன்" என்று கொடுப்பவரும், "நீ வேலிட் சொன்னாதான் நான் ரெடி சொல்வேன்" என்று வாங்குபவரும் அடம்பிடித்தால்? இரண்டு பேரும் காத்துக்கொண்டே நிற்பார்கள். இதற்குப் பெயர் டெட்லாக். அதனால் விதிமுறை தெளிவாகச் சொல்கிறது: கொடுப்பவர் ரெடிக்காகக் காத்திருக்கக் கூடாது. வேலிட் சொல்லிவிட்டால், கைமாறும் வரை அதை மாற்றவும் கூடாது. வாங்குபவர் வேண்டுமானால் வேலிட் வரும்வரை காத்திருக்கலாம்.

நம்ம ஊரில்?

சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' பிராசசர்கள், ஏஎக்ஸ்ஐ4 பஸ்ஸைப் பயன்படுத்துகின்றன. ஸ்ட்ரீமுக்கு அண்ணன் முறையான அதிலும் இதே வேலிட்-ரெடி கைகுலுக்கல்தான். 'சக்தி' அடிப்படையில் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கி, சண்டிகரில் தயாரித்த 'ஐரிஸ்' சிப் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

ஆப்பில் பிழை இருந்தால் அப்டேட் விடலாம். அச்சாகிவிட்ட சிப்பில் கம்பியை மாற்ற முடியாது. அதனால்தான், தயாரிப்புக்கு அனுப்பும் முன்பே சிமுலேஷனில் இந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது, வெரிஃபிகேஷன் இன்ஜினீயர்களின் முக்கிய வேலையாக இருக்கிறது.