பாதத்தைத் தொட்டுப் பார்க்காத வைத்தியம்

தீபாவளிச் சரக்கு ஏறுகிற மாதங்களில் தூத்துக்குடி மாவட்டத்துப் புதியம்புத்தூர் தையல் கூடங்களில் விளக்கு அணைய வெகுநேரமாகும். பீஸ் கணக்கில்தான் கூலி. எழுந்து நடந்தால் அது குறையும். பவர் மெஷின் ஓட்டுகிறவரின் பாதம் நாள் முழுக்கப் பெடலை விட்டு இறங்காது. கட்டிங் மாஸ்டரும் அயர்ன் போடுகிறவரும் சிமெண்டுத் தரையில் நின்றே பொழுதைக் கழிப்பார்கள். ஊரைத் தாண்டினால் கரிசல் காடு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முள்ளும் வெடிப்பும். இரு தரப்பாரும் சொல்வது ஒன்றுதான்: "கால் வலிக்கு, என்னன்னே தெரியல."

கிடைக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான். பேப்பரில் மடித்த நாலு மாத்திரை, இல்லையென்றால் ஓர் ஊசி. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவரிடம் கேளுங்கள், பாதத்தை யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று. காரணம் தெரியாத வலி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, யாரும் காரணம் தேடாத வலி.

தேடுவது அப்படியொன்றும் கடினமில்லை. வலி எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிங்கால் சுரீரென்று குத்தி, நாலு எட்டு நடந்ததும் தணிந்து, நெடுநேரம் நின்றபின் திரும்ப வந்தால், உள்ளங்காலைத் தாங்கும் தசைநார்ப் பட்டை பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது சகஜம். எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொன்னால் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் எலும்பு இருக்கிறது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, வேலைக்கு நடுவே சற்று ஓய்வு ஆகியவற்றாலேயே பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குணமாகும். ஆனால் இளவயதுக்காரருக்கு இரு குதிங்காலிலும் வலியிருந்து, விடியற்காலையில் இடுப்பும் விறைத்துக்கொண்டால், மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் பெருவிரல் வீங்கிச் சிவந்தால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்கலாம்.

எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்றால் வழியே வேறு. அங்கே முதல் சந்தேகம் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. பலர் அதை அறியாமலே நடமாடுகிறார்கள். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்தும் இதே எரிச்சல் வரும். இது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யலாம். அதைப் பார்க்காமல் வலி மாத்திரையே கொடுத்துக்கொண்டிருப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

வலி இருப்பதைவிட இல்லாமல் போவது ஆபத்து. இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன வேலை நம் வேலூரில்தான் நடந்தது. 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகி அழிவதற்கு முக்கியக் காரணம் உணர்ச்சி இழந்த பாதத்தில் தெரியாமல் படும் காயங்களே என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு அந்தப் பணியின் வழியே வந்தது. எரிந்த பாதம் மருந்தில்லாமலே மரத்துப்போனால் குணமானதாக எண்ண வேண்டாம்.

காட்டு வேலைக்காரர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு: சீமைக் கருவேல முள். நுனி ஒடிந்து உள்ளே தங்கினால் மேல்தோல் ஆறிவிடும்; வலியும் வீக்கமும் மாதக்கணக்கில் போகாது. முள் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேனில் தெரியும். ஆகவே முள் குத்தியது எப்போதோ என்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முள் குத்திய இடத்தில் வலியில்லாத கட்டி மெல்லப் பெருத்து, துளை விழுந்து, குருணை குருணையாகச் சீழ் வந்தால் அது 'மதுரா பாதம்' எனும் நோயாக இருக்கலாம். 1840களில் மதுரையில் பதிவானதால் வந்த பெயர். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. எலும்பை அரிக்கும் முன் வைத்தியம் தொடங்க வேண்டும்.

பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பாதம் திடீரென்று சில்லிட்டு வெளுத்தாலும், சர்க்கரை நோயாளியின் பாதம் சூடாகச் சிவந்து வீங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பேப்பரில் மடித்துத் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் வலி பறந்துவிடும். பின்னால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் தானாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்தின் பெயர் உள்ள அட்டையும் சீட்டும் பில்லும் கேளுங்கள். என்ன நோய் என்று கேட்பதும் உங்கள் உரிமை. உள்நோயாளியாக இருந்தவர் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள்.

தொழிலாளர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கூடம் என்றால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு பொருந்தும், மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். சந்தா நிபந்தனை நிறைவானால், மருத்துவர் ஓய்வு எழுதித் தரும் நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வீட்டில் தைப்பவர்கள் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். கோவில்பட்டி, தூத்துக்குடி ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்களுக்கு 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் உட்காரும் உரிமையையே சட்டமாக்கியது. இருக்கை போடாத கடை மீது தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.

காசு வாங்கிச் செய்த வைத்தியத்தில் அலட்சியம் நடந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு வழிவிட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். சீட்டும் பில்லும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.