தூர் முதல் சோமூர் வரை: சைக்கிளில் ஒரு நாள்

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். சுமார் 1,000 கி.மீ. ஓடி அட்லாண்டிக்கில் கலக்கும் இந்த ஆற்றை ஒட்டி, நெவேர் நகரின் அருகிலிருந்து கடல்வரை ஏறத்தாழ 900 கி.மீ. தூரத்துக்குச் சைக்கிள் தடம் இருக்கிறது. 'லுவார் ஆ வெலோ' என்று பெயர். கூடாரத்தையும் துணிமணிகளையும் கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் அடைத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறவர்கள் முதலில் தேர்ந்தெடுக்க ஏற்ற தடம் இது. ஏற்றங்கள் குறைவு, ஊர்கள் அடுத்தடுத்து வரும்.

அதில் தூரிலிருந்து ஷினோன் வழியாகச் சோமூர் போவது முழுநாள் வேலை. 80 முதல் 90 கி.மீ. வரும். சுமையோடு மணிக்குப் 15 கி.மீ. என்று வைத்தால் ஆறு மணி நேரம் மிதிக்க வேண்டும். கால்களில் தெம்பு இருந்தால் மட்டும் போதாது. கடை திறக்கும் நேரம், காற்று, வெயில் மூன்றையும் அனுசரித்துப் போகிறவருக்கே நாள் நல்லபடியாகக் கழியும்.

காலையில் முதல் வேலை ரொட்டிக்கடை. பிரெஞ்சுக் கிராமங்களில் அது ஏழு மணி வாக்கில் திறந்துவிடும். வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்களன்று, விடுமுறை. மளிகைக் கடைகள் பலவும் 12 மணிக்கு அடைத்தால் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலில் அந்த நம்பிக்கையும் கிடையாது. பதினொன்றரைக்குள் ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதவர் பசியோடுதான் மிதிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீருக்கு அனுபவசாலிகள் தேடிப்போகும் இடம் கல்லறைத் தோட்டம். சமாதிகளில் வைத்த பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காகப் பெரும்பாலும் வாசலருகிலேயே குழாய் இருக்கும். பக்கத்தில் பூவாளிகள் தொங்கும். குடிக்கத் தகாத நீர் என்றால் 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகே பாட்டிலை நிரப்ப வேண்டும்.

வில்லாந்திரி மாளிகைத் தோட்டம் வழியிலேயே வருகிறது. ஸ்பெயினில் பிறந்த ஹோவாக்கின் கார்வாயோ 1906-இல் மாளிகையை வாங்கி, பழைய முறைத் தோட்டத்தை மீண்டும் உருவாக்கினார். முட்டைக்கோசும் கீரையும் நிறம் பார்த்துக் கட்டம் கட்டமாக நடப்பட்டிருக்கும் அழகை விட்டுப்போக மனம் வராது. தனியாக வருகிறவருக்கோ, வெளியே நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாஸ்போர்ட், பணம், போன் ஆகியவற்றை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றக்கூடிய சிறு பையில் வைப்பது அதனால்தான்.

ஆறு மேற்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. கடலை நோக்கிப் போகிறவருக்கு எதிர்க்காற்றுதான். இருவர் என்றால் மாறி மாறி ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கலாம். தனி ஆள் முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் காலையிலேயே பாதித் தூரத்தைக் கடந்துவிடுவது உத்தமம்.

கோடையில் இங்கே கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சிப்பொழுது வருவதே இரண்டு மணிக்கு. வெயிலின் கடுமை நான்கு, ஐந்து மணிக்கு. ஜூனில் ஒன்பதரைக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால், மரநிழலில் படுத்து எழுந்து மாலையில் மீதியை ஓட்டலாம்.

1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க், பின்னாளில் ஏழாம் சார்லஸாக முடிசூடிய இளவரசரைச் சந்தித்த ஊர் ஷினோன். அதைத் தாண்டினால் வியேன் ஆறு லுவாரில் கலக்கும் காந்த்-சான்-மார்த்தான். புனித மார்ட்டின் 397-இல் இறந்தது இங்கேதான். இங்கிருந்து சோமூர்வரை, மென்மையான வெள்ளைச் சுண்ணப்பாறையைக் குடைந்த குகை வீடுகளும் மது நிலவறைகளும் பாதையோரம் வருகின்றன.

கார்கள் ஓடும் சாலையில் சேரும் இடங்களில் சட்டம் துணை நிற்கிறது: முந்தும் வண்டி ஊருக்குள் ஒரு மீட்டரும் வெளியே ஒன்றரை மீட்டரும் விலகிப் போக வேண்டும்.

கூடாரம் போடும் முகாம்களில் வரவேற்பறையை மாலையிலேயே மூடிவிடுவதுண்டு; தாமதமானால் முன்கூட்டியே போன் செய்வது நல்லது. உடல் ஒத்துழைக்காவிட்டால் ரயில் இருக்கிறது. தூரிலும் சோமூரிலும் நிலையங்கள் உண்டு. இந்தத் தடத்தில் ஓடும் வட்டார ரயில்களில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம்.