வயிறு நலமா? – 11
அடக்கிப் பழகும் பிள்ளைகள்

சென்ற வாரம் பெரியவர்களின் மலச்சிக்கலைப் பார்த்தோம். இந்த வாரம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்.

“டாக்டர், இவளுக்கு ஒரு மாசமா வயித்தால போகுது. ஜட்டியெல்லாம் கறை. வந்தா சொல்லவும் மாட்டேங்கிறா. அடிச்சும் பார்த்துட்டேன்.” ஆறேழு வயது மகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். குழந்தையைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்தினால் கெட்டியாகக் கையில் தட்டுப்படும். இறுகிப்போன மலம் அது. மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிந்து, குழந்தைக்குத் தெரியாமலே வெளியேறிவிடுகிறது. இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்தால் கட்டு இன்னும் இறுகும். அடித்தால் பயம்தான் கூடும். தன்னால் உணரவே முடியாத ஒன்றுக்காகக் குழந்தை அடி வாங்குகிறது.

இது எப்படித் தொடங்குகிறது? இரைப்பையில் சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் வேகமாக அசைந்து மலத்தைக் கீழே தள்ளும். காலையில் எழுந்து சாப்பிட்ட பிறகு இந்த அசைவு வலுவாக இருக்கும். நம் வீடுகளில் அந்த நேரத்தில்தான் வேன் ஹாரன் அடிக்கிறது. வகுப்பில் மறுபடி வந்தால் டீச்சரிடம் கேட்கக் கூச்சம். கேட்டுப் போனாலும் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது. குழந்தை அடக்கிக்கொள்கிறது. சற்று நேரத்தில் உந்துதல் அடங்கிவிடும். மலம் உள்ளேயே தங்கிவிடும். நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. தங்கத் தங்க மலம் ஆட்டுப்புழுக்கையாக இறுகும், அல்லது பருத்துக் கட்டியாகும். அடுத்த முறை வெளியேறும்போது ஆசனவாய் கிழிந்து வலிக்கும். வலிக்குப் பயந்து குழந்தை மேலும் அடக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, ‘வருகிறது’ என்ற உணர்வே மங்கிப்போகும்.

ஒரு அடையாளத்தை மனதில் வையுங்கள். குழந்தை கதவுக்குப் பின்னால் போய் நின்று, நுனிக்காலில் எம்பி, தொடைகளை இறுக்கி, முகம் சிவக்கும். “பாவம், முக்கிமுக்கிப் பார்க்குது” என்போம். பெரும்பாலும் அது முக்குவதில்லை. வந்ததை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

இதற்கு வழி உண்டு. முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். மலத்தை இளக்கும் மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். நாலு நாள் நன்றாகப் போனதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்; உடனே பழைய கதை திரும்புகிறது. விரிந்த மலக்குடல் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள்கூட ஆகலாம். கூடவே, சாப்பிட்டதும் ஐந்து பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது; முழங்கால் உயர்ந்தால் மலக்குடல் நேராகி வழிவிடும். வராவிட்டாலும் திட்டாதீர்கள். கொய்யா, கீரை, சுண்டல், போதிய தண்ணீர் எல்லாம் உதவும். தட்டில் சோறு குறைந்து டம்ளரில் பால் கூடுகிறதா என்றும் பாருங்கள்.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, வயிறு உப்பி வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால் பலவீனமான குழந்தை: இவர்களுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

பதினான்கு வேகங்களை அடக்காதே என்கிறது சித்த மருத்துவம்; மலமும் அதில் ஒன்று. ஆனால் அடக்காமல் இருக்க ஓர் இடம் வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கட்டடம் நின்றால் மட்டும் போதாது. பள்ளி மேலாண்மைக் குழு அடுத்து கூடும்போது மதிப்பெண் பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பாடம் நடக்கும்போது கேட்டால் அனுப்புகிறீர்களா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வரும்வரை விடாதீர்கள்.

(தொடரும்)