பீரோவில் கிடக்கும் வீடியோ கேசட்டுகள்

எங்கள் பள்ளி பீரோவில் பதினோரு மினி டிவி கேசட்டுகள் இருந்தன. (இந்த டிவி தொலைக்காட்சி அல்ல; டிஜிட்டல் வீடியோ.) சில ஆண்டு விழாக்கள், ஓர் அறிவியல் கண்காட்சி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எடுத்த கடைசி வகுப்பு. படம்பிடித்த கேமராவும் பத்திரமாக இருந்தது. கணினி அறையில் லினக்ஸ். யுஎஸ்பி கேபிளைச் செருகினோம். மெமரி கார்டிலிருந்த நான்கு புகைப்படங்கள் மட்டும் வந்தன. கேமரா பழுது என்று முடிவுகட்டி இரண்டு ஆண்டுகள் போட்டுவிட்டோம்.

பழுது ஒன்றுமில்லை. இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி புகைப்படங்களுக்கு மட்டுமே. கேசட்டில் உள்ள வீடியோ ஃபயர்வயர் என்னும் வேறொரு துளை வழியாகத்தான் வெளிவரும். கேமராவில் அதன் அருகே ‘டிவி’ என்றோ ‘ஐ லிங்க்’ என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இன்றைய கணினிகளில் இத்துளை இருக்காது. மேசைக் கணினி என்றால் அதற்கான கார்டு வாங்கிப் பொருத்தலாம். ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக விற்கும் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். நாங்கள் வாங்கி ஏமாந்தோம்.

ஃபயர்வயருக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. டிவிகிராப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். கேமராவைப் படம்பிடிக்கும் நிலையில் வைக்காமல் ‘பிளே’ நிலையில் வையுங்கள். அப்படியும் கேமரா தென்படவில்லையென்றால், நிர்வாகி அனுமதியுடன் இயக்கிப் பாருங்கள். அப்போது வேலை செய்தால் சிக்கல் அனுமதியில்தான்: உங்கள் பயனர் கணக்கை ‘வீடியோ’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். எங்களுக்கு அரை நாள் போனது இந்த ஒரு இடத்தில்தான்.

60 நிமிடக் கேசட்டை ஏற்ற 60 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஒரு மணி நேரப் பதிவு சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும் என்பதால் ஹார்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நெடுநாள் கிடந்த கேசட்டை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே வேண்டாம். தலைப்பகுதி கெட்டால் மற்ற கேசட்டுகளும் போய்விடும்.

எங்களுடையதில் ஒன்பது வந்தன. இரண்டில் பூஞ்சை. தலைமையாசிரியரின் வகுப்பில் நடுவே சில நிமிடங்கள் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரலும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. ஆனாலும் அவர் பின்னம் நடத்துவது புரிகிறது. ஏற்றிய மூலக் கோப்பை அழிக்காமல் வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறோம். பழைய மாணவர்களுக்கு அனுப்பச் சிறிய எம்பி4 பிரதி ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டோம்.