மிஸ்ஸி வந்தால் கதவைத் திறங்கள்



பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்க காலத்துல காய்ச்சலோ வயித்துவலியோ, டிரெஸர்தான் கதி" என்பார்கள். பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கொட்டகை. விடிந்ததும் டிரெஸர் ஐயா வந்து உட்காருவார், உதவிக்கு ஓர் ஆயா. பெரிய புட்டியில் தண்ணி மருந்து. பிள்ளைப்பேறு என்றால் லயத்திலேயே மருத்துவச்சிப் பாட்டி. பிள்ளை குறுக்கே நின்றாலோ, இரத்தம் நிற்காமல் போனாலோ லாரியைத் தேடி ஓடுவார்கள். லாபீஸைத் தாண்டி சிகாமட் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் நிற்கவேண்டும்.

டிரெஸருக்கென்று 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. தாதியருக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவச்சிகளுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சி பெறாதவர் பிரசவம் பார்ப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. அதன் பலனைப் பாருங்கள். 1950 வாக்கில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1990-களின் கடைசியில் அது இருபதை ஒட்டி இறங்கிவிட்டது. பெரிய டாக்டர்களால் மட்டும் நடந்த காரியமல்ல இது. மோட்டார் சைக்கிளில் கம்பத்துக்கும் லயத்துக்கும் போன மிஸ்ஸிமார்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இப்போது நிலைமை வேறு. ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகின. நம்மவர்கள் பலர் பெக்கோக் டவுனுக்கும் தாமானுக்கும் குடி போனார்கள். பல தோட்டங்களில் மருந்துக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பாரமெல்லாம் எங்கே போனது? அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸியின் தலையில்தான். முன்பு ஒரு தோட்டத்துக்கு ஒரு டிரெஸர். இன்று ஒரே மிஸ்ஸி லயம், தாமான், மலாய்க் கம்பம், ஓராங் அஸ்லி கிராமம் என்று சுற்றிவர வேண்டும். பிள்ளைக்கு ஊசி, அப்பாவுக்கு இனிப்புநீர், பாட்டிக்குப் பிரஷர், எல்லாம் அவர் கணக்கு. 2021 பிப்ரவரியில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது நம் கையில் ஊசி போட்டதும் இவர்களே.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ரோஸ் நிறப் புத்தகத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். "என்னமோ கலர் ஒட்டியிருக்கா" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கலர்தான் முக்கியம். வெள்ளை என்றால் இப்போதைக்குச் சிக்கல் தெரியவில்லை. பச்சை என்றால் கிளினிக்கில் டாக்டர் மேற்பார்வையில் மிஸ்ஸி கவனிப்பார். மஞ்சள் என்றால் டாக்டரே பார்க்கவேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. மாமியாரைக் கேட்க வேண்டாம், நல்ல நேரமும் பார்க்க வேண்டாம். போன மாதம் வெள்ளை இருந்ததே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பிரஷர் ஏறினால் கலர் மாறும்.

பிள்ளை பிறந்து வீடு திரும்பிய பின் மிஸ்ஸி வீட்டுக்கு வருவார், அதுவும் பல தடவை. ஏன் வருகிறார் தெரியுமா? முதல் பத்து நாளில்தான் தாய்க்கு இரத்தப்போக்கும் காய்ச்சலும் வரும் ஆபத்து அதிகம், பிள்ளைக்கு மஞ்சளும் வரும். பிறந்து இரண்டு மூன்று நாளில் தோல் லேசாக மஞ்சளிப்பது பல பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அது ஏறிப்போனால் மூளையைத் தாக்கும். பிள்ளை காது கேளாமல், கை கால் முடங்கிப்போகும். முதல் நாளிலேயே மஞ்சளித்தால் தாமதிக்காமல் ஓடுங்கள். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தால்தான் அளவு தெரியும். "பச்சைப் பிள்ளையைக் குத்துறாளே" என்று மிஸ்ஸியைத் திட்டும் பாட்டிமார்களை நானே பார்த்திருக்கிறேன். பாட்டியின் பாசம் புரிகிறது, ஆனாலும் குத்தவிடுங்கள். இன்னொன்று: சில பிள்ளைகளுக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைவு இருக்கும். அவர்களுக்குப் பூச்சி உருண்டை வாடையே ஆகாது. பெட்டியில் உருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் பிள்ளைக்குச் சுற்றாதீர்கள்.

சரி, அந்த மிஸ்ஸியின் கஷ்டம் என்ன? ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு ஷிப்ட் வேலை. காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வரும். நோயாளியைத் தூக்கிப் புரட்டி இடுப்பு போகும். 2024-இல் வார நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கப் போவதாக அறிவிப்பு வந்ததும் தாதியர் குரல் எழுப்பினார்கள். ஆகஸ்டில் தொடங்க வேண்டியதைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. குலைக்கும் கிலோவுக்கும் கணக்குப் பார்த்துப் போராடிய நமக்கு வேலை நேரத்தின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் சவூதியிலும் கூடுதல் சம்பளம் கிடைப்பதால் அனுபவசாலிகள் பலர் போய்விடுகிறார்கள். குறை சொல்லமுடியுமா? ஜொகூர்க்காரர்களுக்கு சிங்கப்பூர் பாலம் புதிதா என்ன! ஆனால் மிச்சமிருப்பவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்த கோபத்தை அவர் மேல் காட்டுவது நியாயமில்லை. ஆள் போதவில்லை என்று மேலிடத்துக்கு எழுதுங்கள், கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். அது நியாயம்.

பாஷை ஒரு சங்கடம். நம் பாட்டிமார் பலருக்குச் சந்தை மலாய்தான். "நெஞ்சு படபடங்குது" என்பதை எப்படிச் சொல்வது? பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க அழைத்துப் போனால், பெண்களுக்குரிய விஷயத்தைப் பாட்டி அவனிடம் சொல்வாளா? விழுங்கிவிடுவாள். மகளோ மருமகளோ கூடப் போகவேண்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோங்கள்.

அதனால்தான் நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவேண்டும் என்கிறேன். மூன்று வருட டிப்ளோமா படிப்பு. பஹாசா மலேசியா, கணிதம், அறிவியல் இவற்றில் எஸ்.பி.எம். கிரெடிட் வேண்டும், பாரம் திரீயிலேயே கணக்கைக் கைவிட்டால் கதவு மூடிவிடும். பையன்களும் சேரலாம். தனியார் கல்லூரியானால், அந்தப் படிப்பைத் தாதியர் வாரியம் ஏற்றிருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வீட்டு நம்பர் அழிந்துபோன லயங்களில் சுண்ணாம்பிலாவது எழுதி வையுங்கள். பிள்ளை பெற்ற வீடென்று கேட் ஜாகாவிடம் சொல்லி வையுங்கள். பகலில் நாயைக் கட்டுங்கள். எந்த வீடென்று தெரியாமல் மிஸ்ஸி திரும்பிப் போனால், அன்று பிள்ளையின் மஞ்சளை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.